தீர்மான நோட்டு

குலவணிகர்புரம் கேட்டுக்குத் தெற்கே
பதினொரு குடும்பம் கூட்டாக வாங்கிய மனையில்
ஆள் உயரத்துக்கு ஒரு புற்று.
செவ்வாய்தோறும் யாரோ பால் ஊற்றிப் போவார்கள்.

பெனசீர் அதன்முன் குத்தவைத்து
ஊதுபத்தி கொளுத்தினாள்.
கும்பிடப் போகிறாள் என்று நினைத்தோம்.
அவள் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அடியில் நுழைந்தது,
எங்கெங்கோ வளைந்து
உச்சியில் வந்தது.
"இதான் வீடு" என்றாள்
வரைபடம் போட வந்த மேலப்பாளையத்துக்காரி.

"நாம என்ன கறையானா வேய்?"
என் காதோரம் கேட்டார் ஆவுடையப்பன்,
மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்.
அவர் வீட்டுக்கும் ஏ.சி. பில் வரும்.
கையெழுத்துப் போட்டார்.

புற்றை இடிக்காமல் ஒதுங்கிக் கட்டினோம்.
மேற்கே இரட்டைச் சுவர், இடையில் வெற்றிடம்.
நடுவில் நாலடிக்கு நாலடி காற்றுக்குழாய்,
எல்லா வீட்டுக்கும் அதில் ஒரு வாய்.
மொட்டைமாடியில் கறுப்புத் தகரம் வெயிலில் காயும்;
சூடு இழுக்கும் இழுப்பில்
கீழே மழைநீர்த் தொட்டிமேல் தவழ்ந்த காற்று
வீடு வீடாக ஏறி வரும்.
கரண்டே வேண்டாம்.
பெனசீர் சொன்னது இவ்வளவுதான்.
சொல்லாமல் விட்டது:
காற்று வெறுங்கையோடு வராது.

பால் காய்ச்சிய முதல் ஞாயிறே
தரைத்தளத்துத் தங்கசெல்வின் வீட்டு நெத்திலிக் கருவாடு
முதல் மாடி மீரான் சாகிபின் இருமலையும் கூட்டிக்கொண்டு
மூன்றாம் மாடி செண்பகவல்லி அக்காவின்
பூஜை அறை வாசலில் போய் நின்றது.

அவர்கள் வீட்டிலிருந்தும் வந்தது.
சாம்பிராணி, சுப்ரபாதம்,
ஒரு ராத்திரி
மருமகனுக்கு வேலை போன செய்தி.
அக்கா அதை எங்களிடம் சொல்லவில்லை.
பதினொரு வீட்டுக்கும் தெரியும்.
மறுநாள் படிக்கட்டில் மருமகன் ஷூ போட்டு இறங்கும்போது
"ஆபீசுக்கா?" என்று
யாருமே கேட்கவில்லை.
அவர் புரிந்துகொண்டிருப்பார்.

அக்கினி நட்சத்திரத்தில் அக்கா பரணில் ஏறி
ஃபிரிட்ஜ் வந்த அட்டையால் வாயை அடைத்தாள்,
நாலு மூலையிலும் டேப்.
கருவாட்டுக்கா, காதுக்கா, தெரியாது.
புற்றைப் போலவே எங்கள் குழாயும் நேராகப் போகாது;
அந்தப் பரண் வழியாக வளைந்துதான்
நாலாம் மாடிக்கு மூச்சு.
நாலாம் மாடியில் இருப்பது நான்.
என் கைக்குழந்தை முதுகெல்லாம் வேர்க்குரு.

கூட்டம் போட்டோம். செயலாளரும் நான்தான்.
தீர்மானம் பதினான்கு:
கருவாடு ஞாயிறு மட்டும், பதினொன்று முதல் ஒன்று வரை.
அட்டையும் அப்போது மட்டும்.
இரண்டு தரப்பும் ஒப்பினார்கள்.
இரண்டு தரப்பும் மீறினார்கள்.

ஆனி பிறந்து
செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து
சாரல் வாடை வந்த அன்று
அக்கா என்னை பரணுக்குக் கூப்பிட்டாள்.
நாலு மூலையிலும் டேப் இருந்தது.
அட்டை இல்லை.
விரல் பருமனில் ஈர மண்கோடு ஒன்று
சுவரோரம் கீழிறங்கிப் போயிருந்தது.

"அசல் ஆளுங்க
நகலைப் பாக்க வந்துருக்காவ"
என்றார் ஆவுடையப்பன்.

தீர்மானம் பத்தொன்பது:
மருந்தடிக்க நாலாயிரத்து இருநூறு, பதினொன்றால் வகுக்க.
மருந்து வீட்டுக்கு மட்டுமா, புற்றுக்குமா
என்பதில் சத்தம் கூடி,
செவ்வாய்க்கிழமைப் பால் யார் ஊற்றுவது என்று
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு,
ஒத்திவைக்கப்பட்டது.

புது அட்டை பற்றி அக்கா பேசவில்லை.
நானும் எழுதவில்லை.

இன்று புதன்.
கீழே யாரோ கருவாட்டுக்கு வெங்காயம் வதக்குகிறார்கள்.
யாரென்று தெரியும்.
தொட்டிலில் குழந்தை நல்ல தூக்கம்.

மருமகனுக்கு வேலை கிடைத்ததா என்று
காற்று இன்னும் சொல்லவில்லை.